விரலுக்குப் பதில் சொல்வது யார்?

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டில் சாய்வாக இறங்கி, மார்பெலும்பின் உச்சியிலும் காறை எலும்பின் உள்முனையிலும் போய்ச் சேரும் தசைக்கு ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்று பெயர். பிசியோதெரபி படிக்க வருகிறவர்கள் விரலால் தேடிக் கண்டுபிடிக்கப் பழகும் முதல் தசைகளில் இதுவும் ஒன்று. எதிரே சும்மா உட்கார்ந்திருப்பவரின் கழுத்தைத் தடவினால் மெத்தென்ற சதைதான் தட்டுப்படும். ஒரு தசை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மாணவர் தன் உள்ளங்கையை அவருடைய வலது தாடையில் வைத்துக்கொண்டு, "என் கையைத் தள்ளிக்கிட்டே வலது பக்கம் திரும்புங்க" என்கிறார். அவர் திரும்ப முயன்ற கணத்தில் இடது பக்கத் தசை விறைத்து, சுற்றியுள்ள சதையிலிருந்து பிரிந்து, இரண்டு விரலுக்கு நடுவே பிடிக்கும்படி எழுந்து நிற்கிறது. மற்றத் தசைகளுக்கும் இதேதான் வழி. கழுத்தின் ஆழத்தில் உள்ள ஸ்கேலீன் தசைகளைத் தேட வேண்டுமானால் மூக்கால் சுருக்கென்று மூச்சிழுக்கச் சொல்ல வேண்டும். பிடரியிலிருந்து தோளுக்கு விரியும் ட்ரபீசியஸுக்குத் தோளைத் தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றின் நடுவே நெடுக ஓடும் ரெக்டஸ் தசைக்கு, மல்லாந்து படுத்தவர் தலையை மட்டும் கொஞ்சம் தூக்கினால் போதும். கேட்கிறவர் ஒருவர், கேட்டதைச் செய்கிறவர் ஒருவர் என்று இருவர் சேராமல் இந்தத் தேடல் நடப்பதில்லை. அப்படியானால் அந்த விரல் தொட்டது எதை? வெறும் சதையையா, திரும்பலாம் என்று முடிவெடுத்த ஆளையா? மருத்துவ வகுப்பில் யாரும் நின்று யோசிக்காத இந்தக் கேள்விக்கு நம் சமயத் தத்துவத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதை முழுதாக ஏற்றால் நம் சமூகம் ஏற்க மறுத்த சிலவற்றையும் சேர்த்தே ஏற்க வேண்டி வரும் என்பது என் வாதம்.

உடலை அறிய வேறொரு வழியும் உண்டு. அது பழைய வழி, மதிப்புக்குரிய வழி. சுசுருத சம்ஹிதை உடற்கூறு கற்கும் முறையை விவரிக்கிறது: குறையில்லாத ஒரு சவத்தைப் புல்லாலும் மரப்பட்டையாலும் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு இரவுகள் ஊறவிட வேண்டும். பிறகு வெளியே எடுத்து, வெட்டிவேராலும் மூங்கிலாலும் செய்த தூரிகைகளால் மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் முதல் உள்ளுறுப்புகள் வரை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நூல் தரும் தசைக் கணக்கு 500: கை கால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்திலும் அதற்கு மேலும் 34. காஞ்சியோடு தொடர்புள்ளவராகச் சொல்லப்படும் பௌத்த ஆசிரியர் புத்தகோசர் விசுத்திமக்கத்தில் தசைத் துண்டுகளை 900 என்கிறார். அவருடைய நோக்கம் வைத்தியமன்று, உடல்மேல் உள்ள பற்றை அறுப்பது. எண்கள் ஒத்துப்போகாததைப் பெரிய குறையாக நான் எடுக்கவில்லை. எதை ஒரு தசை என்று எண்ணுவது என்பதில் இன்றைய நூல்களும் முழுக்க ஒத்துப்போவதில்லை. இரண்டு கணக்கிலும் தசை என்பது அசையாமல் கிடக்கும் ஒரு துண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுசுருதருக்கு இந்தக் குறை தெரிந்தே இருக்கிறது. சவத்தை ஆராயும் முறையைச் சொன்ன கையோடு, உடலுக்குள் உறையும் நுண்ணிய தலைவனை இந்தக் கண்ணால் காண முடியாது, ஞானக் கண் வேண்டும் என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். காணக் கிடைக்காதவனை ஞானக் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டார். கைக்கு அவன் அகப்படக்கூடும் என்ற வழியை அவர் திறக்கவில்லை.

அந்த வழியைத் திறந்தவராக நான் இராமானுசரைப் பார்க்கிறேன், அவர் வைத்தியத்தைப் பற்றிப் பேசாவிட்டாலும். ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்றால் என்ன என்று அவர் வரையறுக்கும் இடம் புகழ்பெற்றது. கை கால் உள்ளது உடல், புலன்களுக்கு இருப்பிடமானது உடல் என்ற பழைய வரையறைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு சேதனன் (அறிவுள்ள உயிர்) தன் பொருட்டு எதை முழுமையாக நியமிக்கவும் தாங்கவும் வல்லவனோ, எது அவனுக்கே சேஷமாக, அவன் பயனுக்கென்றே இருக்கிறதோ, அதுவே அவனுக்குச் சரீரம் என்கிறார். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல் என்று நிறுவுவதற்காக எழுந்த வரையறை இது. ஆனால் அதை நிலைநிறுத்தும்போது அவர் மிகச் சாதாரணமான மனித உடலைப் பற்றி இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிணம் உடலா? உயிர் நீங்கிய கணத்திலிருந்து அது சிதையத் தொடங்குகிறது, முன்பு உடலாக இருந்த திரளின் மிச்சம் என்பதால் அதை உடல் என்று சொல்கிறோம், அவ்வளவுதான். செயலிழந்த கை உடலா? ஆம், நியமிக்கும் ஆற்றல் அங்கே இருக்கிறது, நோயால் தடைபட்டிருக்கிறது. மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும் காலட்சேபம் கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இந்தப் பகுதி பிரம்மத்தைப் பற்றிய வாதத்துக்கு ஏறும் படியாக மட்டுமே கடந்து செல்லப்படுகிறது. படியிலேயே சற்று நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் இராமானுசரின் இரண்டாவது பதிலை, தடைபட்டிருந்தாலும் ஆற்றல் உண்டு என்பதை, விரலால் சோதித்துப் பார்க்கும் ஒரு கலை இந்த நகரத்திலேயே வளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில், போலியோ குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்த காலத்தில், பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நாட்டின் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. போலியோ கால்களை மட்டும் தாக்கும் நோயன்று. கழுத்துத் தசைகள் தளர்ந்து தலை பின்னால் தொங்கும். நடுவுடல் தசைகள் ஒரு பக்கம் தளர்ந்து முதுகெலும்பு வளையும். எந்தத் தசை போயிற்று, எது எஞ்சியிருக்கிறது என்று அளக்க ஒரு அளவுகோல் இருந்தது. 1910களில் பாஸ்டனில் போலியோ குழந்தைகளைச் சோதித்த ராபர்ட் லவெட்டும் வில்ஹெல்மீன் ரைட்டும் அதற்கு வழி வகுத்தார்கள். பின்னால் பிரிட்டனில் அது 0 முதல் 5 வரையிலான தரமாக நிலைத்தது. 5 என்றால் இயல்பான வலு. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைக்கும் அளவு. 0 என்றால் ஒன்றுமில்லை. உறுப்பு அசையும் தரங்களில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். 1 என்ற தரம் வேறு. அங்கே உறுப்பு அசையாது. படுத்திருக்கும் குழந்தையிடம் தலையைத் தூக்கச் சொல்கிறார்கள். தலை தலையணையை விட்டு எழவில்லை, பார்க்கிறவருக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் கழுத்தின்மேல் வைத்த விரலுக்கடியில் ஒரு சின்னத் துடிப்பு, ஒரு இறுக்கம் வந்து மறைகிறது. அந்தக் குழந்தை முயன்றது. அதன் முயற்சிக்கு அந்த நேரத்தில் உலகத்தில் இருக்கும் சான்று அந்த விரல் மட்டுமே. சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றை இந்தியா பெற்றுவிட்டது. ஆனால் அதே அளவுகோல் பக்கவாதத்துக்கும் முதுகுத்தண்டுக் காயத்துக்கும் இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. நியமிக்கும் ஆற்றல் தடைபட்டு நிற்கிறது என்று பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆசாரியர் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: தசை இறுகுவதற்கு ஆள் தேவையே இல்லை. பிசியோதெரபி அறையில் இருக்கும் சின்ன மின்கருவி, யாரையும் கேட்காமல் தசையைச் சுண்டி இழுக்கும். பக்கவாதம் வந்த கையில் தசை நாள் முழுக்க இறுகிக் கிடக்கும். அதை யாரும் விரும்பவில்லை. குடல்வால் அழற்சி முற்றினால் வயிற்றுத் தசை பலகையாக விறைக்கும். தளர்த்துங்கள் என்றால் நோயாளியால் முடியாது. இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றை விருப்ப முயற்சியிலிருந்து பிரித்து அறிவதுதான் இந்தக் கலையின் பாதி. வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் முதலில் தன் கையைச் சூடாக்கிக்கொள்கிறார்; முழங்காலை மடக்கச் சொல்கிறார்; ஊர் எது, என்ன வேலை என்று பேச்சுக் கொடுக்கிறார். குளிர்ந்த கை பட்டோ, பயந்தோ, கூச்சப்பட்டோ இறுகும் வயிறு அந்தப் பேச்சில் இளகும். உள்ளே சீழ் பிடித்ததால் இறுகிய வயிறு இளகாது. ஆளோடு பேசாமல் இந்த வேறுபாட்டை எட்ட முடியாது. ஆளின் விருப்பமில்லாமல் இறுகும் தசைகூட, அந்த ஆளை வைத்துத்தான் இன்னதென்று தெரியவருகிறது. நினைவிழந்து கிடப்பவர் என்ன, அவருடையது உடல் இல்லையா என்று கேட்கலாம். செயலிழந்த கைக்குச் சொன்ன பதிலே இங்கும் பொருந்தும். தடை இருக்கிறது என்பதற்காக ஆள் இல்லை என்று ஆகிவிடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாதவரின் கழுத்தையும் கை கால்களையும் அசைத்துப் பயிற்சி தருகிறவர்கள், "இப்ப இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டே திருப்ப வேண்டும் என்று கற்பிக்கப்படுகிறார்கள். அது வெறும் மரியாதைக்காகச் செய்வதல்ல.

இரண்டாவது மறுப்பு அறிவியலாளர்களுடையது: விரல் நம்பத்தக்க கருவியே அல்ல. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகையும் கழுத்தையும் தொட்டுச் சோதிக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2004இல் 'ஸ்பைன்' இதழில் வந்தது. ஒரே நோயாளியை இருவர் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்து, இந்த இடத்தில் தசை இறுகியிருக்கிறது, இந்த முள்ளெலும்பு சரியாக அசையவில்லை என்று சொல்லும்போது அவர்கள் தீர்ப்புகள் மோசமாக முரண்படுகின்றன. அனுபவம் கூடினாலும் நிலைமை தேறவில்லை. ஆனால் அதே அலசலில், எந்தச் சோதனைகளில் இருவர் தீர்ப்பும் ஓரளவு ஒத்துப்போயிற்று? அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்று கேட்கும் சோதனைகளில். தன் விரலை மட்டும் நம்பியவர்கள் தடுமாறினார்கள். நோயாளியையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டவர்கள் அவ்வளவு தடுமாறவில்லை. என் வாதத்துக்கு எதிராகக் கொண்டுவரப்படும் ஆய்வே அதற்கு அரண் செய்கிறது. தொடுகை தனியாள் அறிவாக நின்றால் பலவீனமானது. இருவர் பங்குபெறும் அறிவாகும்போதுதான் வலுப்பெறுகிறது. அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் தசையின் இடத்தை விரலைவிடத் துல்லியமாகக் காட்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தசை ஊசிச் சோதனை செய்கிறவரும் ஊசியைக் குத்திவிட்டு, "இப்ப மடக்குங்க" என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

அத்வைதி ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்: தசை அசைந்ததால் ஆத்மா நிரூபணமாகிவிட்டதா? ஆகவில்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. பார்த்ததையே தொடுகிறேன் என்ற உணர்விலிருந்து நியாய மதத்தார் ஆத்மாவை நிறுவ முயன்றார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உள்ளே இருப்பது நித்தியமோ அநித்தியமோ, மனித உடலைத் தொட்டு அறிகிறவர் அங்கே ஒருவர் பதில் சொல்கிறார் என்று ஏற்றுக்கொண்டே அறிகிறார். ஏற்காவிட்டால் அறிவே கிடைக்காது. வாதத்துக்கு இந்த அளவு போதும்.

தீண்டாமை என்ற கொள்கை இந்த இடத்தில்தான் தன் முழு அபத்தத்தோடு தெரிகிறது. அதைக் கொடுமை என்று சொல்லியாகிவிட்டது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தும் ஆகிவிட்டது. அறிவின் கோணத்திலிருந்தும் அதை விசாரிக்க வேண்டும். தீட்டு என்ற எண்ணத்துக்கு அடியில் ஒரு உண்மை திரிந்து கிடக்கிறது: தொடுகிறவர் தானும் தொடப்படுகிறார். பார்வையில் ஒருவழிப் போக்கு உண்டு. நான் ஒளிந்திருந்து பார்க்கலாம். தொடுகையில் ஒளிய முடியாது. தீட்டுப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது, தெரிந்ததால்தான் அஞ்சினார்கள். அவர்களுடைய பிழை, எதிரிலிருப்பவரிடமிருந்து வருவதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாமல் அழுக்கு என்று எடுத்துக்கொண்டது. அதன் விலையைக் காட்ட ஒரே ஒரு சான்று போதும். 1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் எடுத்து வைத்திருக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி, பிரசவமான சில நாளில் மூச்சு வாங்கி, விலாவில் கடும் வலியோடு கிடக்கிறார். மருத்துவர் அந்தக் குடியிருப்புக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்ற பின், நோயாளியைக் குடியிருப்புக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். அதே வரிசையில் அது திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் வெப்பமானியைப் பார்த்து, நிமோனியா என்கிறார். மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். விலாவில் வலி என்று ஒருவர் சொல்லும்போது மருத்துவரின் கை போயிருக்க வேண்டிய இடம் அந்த விலா. மூச்சிழுக்கச் சொல்லி எந்தப் பக்கம் விரிகிறது, எந்தப் பக்கம் தயங்குகிறது என்று உள்ளங்கையால் உணர்ந்திருக்க வேண்டும். கழுத்துத் தசைகள் மூச்சுக்காகப் போராடுகின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். அவர் கற்ற படிப்பு முழுவதும் அந்தக் கையில் இருந்தது. சாதி அதை முடக்கிவிட்டது. அன்று செயலிழந்திருந்தது நோயாளியின் உறுப்பு இல்லை.

வைணவ மரபை இதற்குச் சாட்சியாக அழைக்கும்போது எழும் எதிர்க்கேள்வியை மறைக்கக் கூடாது. சரீரத்தை இவ்வளவு அழகாக வரையறுத்த மரபு தீண்டாமையோடு நூற்றாண்டுகள் குடித்தனம் நடத்தவில்லையா? நடத்தியது. இராமானுசர் காவிரிக்கு நீராடப் போகும்போது அந்தணச் சீடரின் தோளையும், நீராடித் திரும்பும்போது மல்லரான உறங்காவில்லி தாசரின் தோளையும் பற்றி வந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. குளித்துச் சுத்தமான பிறகு பற்றிய தோள் எது என்பதுதான் அந்தக் கதையின் உயிர். ஆனாலும் அடியார்களுக்கு உள்ளே என்ற வேலியை மரபு போட்டுக்கொண்டது. வேலிக்கு உள்ளேயும் எல்லாரும் எல்லா இடத்திலும் அந்தக் கதையைப் பின்பற்றவில்லை. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அடங்கி, தாங்கப்பட்டு, பயன்படுவதற்காகவே இருப்பது உடல் என்றால், பண்ணையார் தன் கூலியாளைக் காட்டி, இவனும் எனக்கு அப்படித்தான் என்று சொல்ல முடியாதா? முடியாது என்பதை அதே கழுத்துத் தசை காட்டுகிறது. திரும்பு என்று நான் சொல்வதால் உங்கள் தசை எழுவதில்லை. நான் சொன்னதைக் கேட்டு, சரி என்று நீங்கள் நினைத்து, நீங்கள் திருப்புவதால் எழுகிறது. மிரட்டித் திருப்பினாலும் திருப்புகிறவர் நீங்களே. மனிதர்களுக்குள் ஒருவர் உடல் இன்னொருவருக்குச் சேஷமாக முடியாது. ஒவ்வொரு உடலும் தன் ஆளுக்கே பதில் சொல்கிறது. வன்முறையான தொடுகை, ஏமாற்றித் தொடும் தொடுகை எல்லாமே தொடுகைதானே, அவற்றில் என்ன அறிவு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அங்கே தோள் குறுகும், கழுத்து விறைக்கும், வயிறு இறுகும். அப்படித் தொடுகிறவன் தான் உண்டாக்கிய பயத்தைத்தான் தடவிப் பார்க்கிறான்.

சென்ட்ரல் லைனில் மாதுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். லோகமான்ய திலக் பெயரிலுள்ள மாநகராட்சி மருத்துவமனை அங்கே, தாராவியை ஒட்டி நிற்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்களில் பெரும் பகுதியினர், ஊரில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். தலைச்சுமையாலும் தையல் மிஷினில் குனிந்தே இருப்பதாலும் கழுத்தும் முதுகும் பிடித்துப்போய் அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். மராத்தியில் சொன்னது விளங்கவில்லையானால் சிகிச்சை செய்பவர் தன் தோளையே ஒருமுறை தூக்கிக் காட்டுகிறார். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துத் தன் தோளைத் தூக்குகிறார். விரல் தேடியது கிடைக்கிறது. யாருடைய பாட்டன் எந்தச் சேரி என்று அந்தத் தசைக்குத் தெரியாது என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது; ஆனால் அதே மருத்துவர் வீடு திரும்பி, வாடகைக்கு வருகிறவரிடம் சாதி கேட்கக்கூடும். கையில் கிடைத்த அறிவு தானாக வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வருவதில்லை. அதைக் கொண்டுவரும் பொறுப்பு, ஸ்ரீபாஷ்யத்தின் சரீர லட்சணத்தை ஒரு ஸ்டேஷன் தள்ளி உட்கார்ந்து விளக்குகிறவர்களுக்கும் அதைப் பக்தியோடு கேட்கிறவர்களுக்கும் இருக்கிறது. உடல் என்பது ஒரு சேதனன் நியமிப்பது என்று பாடம் சொல்லிவிட்டு, எந்த உடலைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பிறப்பை வைத்துப் பிரிக்கிறவர், தான் சொன்ன பாடத்தையே மறுக்கிறார். அந்தப் பாடத்தைக் காலட்சேபத்தில் நடத்துகிற அன்றே, அதே மேடையில், இதையும் சொல்ல வேண்டும்.